மருதம்பட்டைக் குடிநீரை எம்.இ.ஏ. தட்டில் சோதிக்கலாமா?

குணபாடம்_பாளை கேட்டது:

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவ மேற்படிப்பு படிக்கிறேன், குணபாடம் (மருந்தியல்) பிரிவு. ஆய்வேட்டுக்கு மருதம்பட்டைக் குடிநீரை, அதாவது பட்டைக் கஷாயத்தை, எடுத்திருக்கிறேன். பட்டைக்குப் பஞ்சமே இல்லை, தாமிரபரணிக் கரையில் மருதமரத்துக்கா குறைச்சல்! தாவரவியல் துறையில் காட்டி, மரம் இதுதான் என்று உறுதி செய்து, மாதிரியும் கொடுத்து வைத்தாயிற்று.

எலிக்குக் கொடுப்பது, ஈ.சி.ஜி. எடுப்பது, இதைத்தான் எங்கள் சீனியர்கள் பலரும் செய்திருக்கிறார்கள். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. ஒரு கருத்தரங்கில் எம்.இ.ஏ. தட்டைப் பற்றிப் பேசினார்கள். அடியில் நுண்ணிய மின்முனைகள் பதித்த கண்ணாடித் தட்டு. அதன்மேல் மனித இதயச் செல்களை வளர்க்கிறார்கள், அவை தாமாகவே துடிக்கின்றன. மருந்தை விட்டால் துடிப்பு எப்படி மாறுகிறது என்பது திரையில் கோடாக ஓடுகிறது. அன்றிலிருந்து அதே நினைப்புதான்.

மருதம் இதயத்துக்கு வலு கொடுக்கும் என்று படிக்கிறோம். அந்த வலுவை இந்தத் தட்டில் காட்ட முடியுமா? குடிநீரை அப்படியே ஊற்றலாமா, இல்லை வேறு பக்குவம் உண்டா? மின்சாரப் படிப்பெல்லாம் எனக்குப் பன்னிரண்டாம் வகுப்போடு சரி. கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும். கைடு, "எழுதிக்கொண்டு வாம்மா, பார்க்கலாம்" என்கிறார். அவர் அப்படிச் சொன்னால் பாதிச் சம்மதம் என்று அர்த்தம்.


சேரன்மாதேவிக்காரன் பதில்:

தங்கச்சி, பெங்களூரில் மருந்துப் பரிசோதனை செய்து கொடுக்கிற ஒரு கம்பெனியில் பல வருஷம் இந்தத் தட்டுகளோடுதான் குப்பை கொட்டினேன். இப்போது ஊரோடு வந்தாயிற்று, வயலும் வரப்பும்தான். ஆனாலும் இந்தப் பேச்சு என்றால் கை சும்மா இருக்காது.

வலுவைக் காட்டாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாறக் கூடாது. எம்.இ.ஏ. மின்சாரத்தை மட்டும்தான் கேட்கும். செல் எவ்வளவு பலமாகச் சுருங்கியது என்பது அதற்குத் தெரியாது. அதற்கு மின்தடை மாற்றத்தை அளக்கிற தட்டு, அசைவை வீடியோ எடுத்து அளக்கிற முறை என்று வேறு வழிகள் இருக்கின்றன. உங்கள் தலைப்பில் "வலு" என்ற சொல் இருந்தால், வைவாவில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். "மருதம் துடிப்பின் தாளத்தை மாற்றுகிறதா, மாற்றினால் அது ஆபத்தான மாற்றமா" என்று வையுங்கள். இதற்குத் தட்டு ஒழுங்காகப் பதில் சொல்லும்.

தட்டு எப்படி இருக்கும் என்றால், நான் அதிகம் பயன்படுத்தியதில் 60 மின்முனைகள். எட்டுக்கு எட்டுக் கட்டம், நாலு மூலை மட்டும் கிடையாது. ஒவ்வொன்றும் டைட்டானியம் நைட்ரைடு பூசிய 30 மைக்ரோமீட்டர் வட்டம், ஒன்றுக்கொன்று 200 மைக்ரோமீட்டர் தள்ளி. மொத்தக் கட்டமும் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதன்மேல் செல் ஒட்டுவதற்கு ஃபைப்ரோநெக்டின் பூசி, சில மைக்ரோலிட்டர் துளியாகச் செல்களை வைத்து, அவை ஒட்டிக்கொண்ட பிறகு மீடியம், அதாவது செல்லுக்கு உணவான திரவம், ஊற்ற வேண்டும். பிப்பெட் நுனி கட்டத்தில் உரசினால் தட்டு போச்சு. வேலைக்குப் புதிதாக வருகிற பையன்களிடம் நான் சலிக்காமல் சொல்வது இது ஒன்றுதான்: சுவரோரமாக விடு, நடுவில் விடாதே. சில நாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துடிக்க ஆரம்பிக்கும். ஒரு வாரம் பத்து நாளில் எல்லாம் கைகோத்து ஒரே விரிப்பாகத் துடிக்கும்.

செல்கள் யாருடைய நெஞ்சிலிருந்தும் எடுத்தவை அல்ல. 2006இல் ஷின்யா யமனாகா எலியின் தோல் செல்லைத் திரும்பவும் ஆதிநிலைக்குக் கொண்டுபோய்க் காட்டினார், 2007இல் மனிதச் செல்லிலும். 2012இல் நோபல் கிடைத்தது. அப்படிக் கிடைக்கிற தண்டுச் செல்லை இதயச் செல்லாக மாற்றி, உறையவைத்துக் குப்பியில் விற்கிறார்கள். ஆனால் இவை இளசு. பெரியவர்களின் கீழறைத் தசைச் செல் தானாகத் துடிக்காது, இது துடிக்கிறது. அதிலேயே வித்தியாசம் தெரிகிறது அல்லவா? ஆய்வேட்டின் குறைபாடுகள் பகுதியில் இதை நீங்களே எழுதிவிடுங்கள், வேறு யாரும் சுட்டிக்காட்டும் முன்பு.

மின்முனை செல்லுக்குள் போவதில்லை. கல்யாண வீட்டுக்குள் போகாமல் தெருவில் நின்று மேளம் கேட்பது மாதிரி, வெளியிலிருந்தே கேட்கிறது. செல்லுக்குள் 100 மில்லிவோல்ட் அளவுக்கு ஏறி இறங்குகிற மின்னழுத்தம் வெளியே மைக்ரோவோல்ட் கணக்கில்தான் வரும், இதயச் செல்கள் சேர்ந்து துடிக்கும்போது சில நேரம் மில்லிவோல்ட்டைத் தொடும். நன்மை என்னவென்றால், செல்லைக் குத்துவதில்லை. அதே தட்டை இன்றும் பார்க்கலாம், நாளையும் பார்க்கலாம்.

திரையில் வருகிற கோட்டில் முதலில் கூர்மையாக ஒரு குத்து. அது சோடியம் உள்ளே பாய்வது. அப்புறம் கோடு கிட்டத்தட்டத் தட்டையாகப் போகும், அப்போது கால்சியம் வந்துகொண்டிருக்கிறது. கடைசியில் ஒரு சின்ன மேடு. பொட்டாசியம் வெளியேறி, செல் அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. குத்திலிருந்து மேடு வரை எவ்வளவு நேரம் என்பதுதான் எங்கள் பிழைப்பே. ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி என்று படித்திருப்பீர்கள், அதற்கு ஒப்பானது இது. துடிப்பு வேகம் மாறினால் இந்த நேரமும் மாறும், அதனால் ஃப்ரிடெரிசியா சூத்திரப்படி இரண்டு துடிப்புக்கு நடுவே உள்ள நேரத்தின் கனமூலத்தால் வகுத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

இந்த நேரம் நீண்டால் என்ன? டெர்ஃபெனடின் கதையைத் தேடிப் படியுங்கள். தும்மலுக்கும் அரிப்புக்கும் உலகம் முழுக்க விழுங்கிய மாத்திரை. ஈரல் அதை உடனுக்குடன் ஃபெக்ஸோஃபெனடினாக மாற்றிவிடும் வரை ஒரு தொந்தரவும் இல்லை. கூடவே கீட்டோகோனசோல் மாதிரிப் பூஞ்சை மாத்திரையோ எரித்ரோமைசினோ எடுத்தவர்களுக்கு ஈரலின் அந்த வேலை தடைபட்டு, டெர்ஃபெனடின் இரத்தத்தில் தேங்கியது. அது இதயச் செல்லின் ஹெர்க் என்கிற சேனலை, அதாவது பொட்டாசியம் வெளியேறுகிற வாசலை, அடைக்கும். க்யூ.டி. நீண்டு, தாளம் தாறுமாறாகி, சிலர் இறந்தே போனார்கள். 1990களின் கடைசியில் அமெரிக்காவில் அதை விலக்கினார்கள். வயிற்றுக்குக் கொடுத்த சிசாப்ரைடும் 2000இல் அங்கே அதே காரணத்தால் போனது. 2005இல் மருந்துக் கம்பெனிகளுக்கு இதற்கென்றே சர்வதேச வழிகாட்டுதல்கள் வந்தன.

சரி, ஹெர்க் சேனலை மட்டும் தனியாகச் சோதித்தால் போதாதா? போதாது. வெராபமில் என்கிற பி.பி. மாத்திரை ஹெர்க்கை அடைக்கும். அதை மட்டும் பார்த்தால் குப்பையில் போட வேண்டிய மருந்து. ஆனால் அது கால்சியம் சேனலையும் அடைப்பதால் ஒன்றுக்கொன்று சரிக்கட்டிப்போய், அந்த ஆபத்தான தாளக்கேடு வருவதில்லை. முழுச் செல்லை வைத்துப் பார்த்தால்தான் இது தெரியும். பல வேதிப்பொருள்கள் கலந்த நம் குடிநீருக்கு எம்.இ.ஏ. பொருந்தும் என்று நான் நினைப்பதும் இதனால்தான்.

குடிநீரை எப்படி விடுவது என்பதுதான் பெரிய விஷயம். அதை ராத்திரி தனியாக எழுதுகிறேன், இப்போது மடைக்குத் தண்ணீர் திருப்பப் போக வேண்டும்.


முத்துநகர்_நரம்பு பதில்:

அண்ணாச்சி இதயத்தோடு நிறுத்திவிட்டார். நான் தூத்துக்குடி, நரம்புச் செல் பக்கம். இதே தட்டில் எலிக்குட்டியின் மூளைச் செல்களை வளர்த்தால், இரண்டு மூன்று வாரத்தில் அவை கூட்டமாகச் சேர்ந்து படபடவென்று வெடித்து அடங்கும், திரும்ப வெடிக்கும்.

இதில் நம்மூர்ச் சரக்குகள் இரண்டு தினமும் புழங்குகின்றன. எங்கள் வலையில் விழுகிற பேத்தை மீனின் விஷம் டெட்ரோடோடாக்சின். சோடியம் சேனலை அடைத்துவிடும். ஒரு மைக்ரோமோலார் விட்டால் 60 மின்முனையும் கப்சிப். திரையில் வந்தது செல்லின் சத்தம்தானா, வெறும் இரைச்சலா என்று பார்க்க அதைத்தான் விடுவோம். இன்னொன்று காக்காய்க்கொல்லி விதையின் பிக்ரோடாக்சின். மூளையின் பிரேக்கைப் பிடுங்கிவிடும், வெடிப்புகள் அடுக்கடுக்காக வரும். புது மருந்து வலிப்பை உண்டாக்குமா என்று சோதிக்கும்போது, "வலிப்பு என்றால் கோடு இப்படி இருக்கும்" என்று காட்ட அதை ஒப்பீட்டுக்கு வைப்பார்கள். குணபாடம் படிக்கிறவருக்கு இந்த விதை தெரியாமல் இருக்காது.

ஒரு கொசுறு. 1972இல் முதன்முதலாக இப்படித் தட்டையான மின்முனைகளில் துடிப்பைப் பதிவு செய்தபோது, மேலே இருந்தது கோழிக்கருவின் இதயச் செல்தான். உங்களுக்குப் பணம் இடித்தால் அந்தப் பக்கமும் யோசிக்கலாம்.


சேரன்மாதேவிக்காரன் பதில்:

குடிநீருக்கு வருகிறேன்.

உங்கள் குடிநீர் செந்தவிட்டு நிறத்தில் இருக்கும். சாயத்தை வைத்து அளக்கிற சோதனைகளில் இந்த நிறமே பெரிய இடைஞ்சல், அளவு எல்லாம் குழம்பிவிடும். எம்.இ.ஏ.வுக்கு நிறம் பொருட்டே இல்லை. அந்த மட்டில் நீங்கள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

ஆனால் எந்தச் செடியைக் காய்ச்சினாலும் பொட்டாசியம் இறங்கும். மீடியத்தில் பொட்டாசியம் சுமார் 5 மில்லிமோலார். அது இரண்டு மூன்று மடங்கு ஆனாலே துடிப்பு தடுமாறும், இன்னும் ஏறினால் நின்றுவிடும். மூலிகை மாதிரிகளோடு எங்களிடம் வருகிறவர்கள் "சாறு துடிப்பை அடக்குகிறது" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். அதே அளவு பொட்டாசியம் குளோரைடை வெறும் மீடியத்தில் கரைத்து வேறு தட்டில் விட்டுக் காட்டுவேன். அதுவும் அடக்கும்! அப்புறம் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மருதம்பட்டையில் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், ஆகவே கால்சியம் கணக்கும் வேண்டும். ஃபிளேம் ஃபோட்டோமீட்டர் உள்ள வேதியியல் துறை எதிலாவது கொடுத்து இரண்டையும் அளந்துவிடுங்கள். அளந்த அதே அளவு உப்பை ஒப்பீட்டுத் தட்டிலும் சேருங்கள். சாற்றுத் தட்டுக்கும் உப்புத் தட்டுக்கும் என்ன வித்தியாசமோ, அதுதான் மருதத்தின் வேலை. இந்த ஒப்பீடு இல்லாத மூலிகைக் கட்டுரையை நான் இரண்டாம் பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை.

அடுத்தது துவர்ப்பு. மருதம்பட்டையில் துவர்ப்பைத் தருகிற டானின் ஏராளம், ஃபெர்ரிக் குளோரைடு விட்டுப் பார்த்திருப்பீர்கள். டானின் புரதத்தைக் கண்டால் விடாது. செல் ஒட்டியிருக்கிற ஃபைப்ரோநெக்டினே புரதம்தானே. சாறு கெட்டியாக இருந்தால் விரிப்பு ஓரத்திலிருந்து உரிந்து வரும், மின்முனை ஒவ்வொன்றாகச் சத்தம் இழக்கும். திரையை மட்டும் பார்க்கிறவர் "மருந்து வேலை செய்கிறது" என்பார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல் மிதந்துகொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு அளவு விட்ட பிறகும் தட்டைப் படம் எடுங்கள். டானினை நீக்கிய சாறு ஒன்று, நீக்காதது ஒன்று, இரண்டையும் சோதியுங்கள்.

குடிநீரை எட்டொன்றாக, அதாவது எட்டில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சி, அப்படியே ஊற்றக் கூடாது. அது வயிற்றுக்குப் போகிற அளவு, இதயத்துக்குப் போய்ச் சேருகிற அளவு அல்ல. வற்ற உலர்த்திப் பொடியாக்கி, எடை போட்டு, மீடியத்தில் கரைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். துவர்ப்பினால் வடிகட்டி அடிக்கடி அடைக்கும், கூடுதலாக வாங்கி வையுங்கள். பி.எச். பார்த்துச் சரிசெய்யுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமில் தொடங்கி 3, 10, 30, 100 என்று ஏறுங்கள். ஒவ்வொரு படியிலும் துடிப்பு நிலைப்படும் வரை பொறுங்கள். எதையாவது டி.எம்.எஸ்.ஓ. என்கிற கரைப்பானில் கரைத்தால் 0.1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், வெறும் டி.எம்.எஸ்.ஓ. விட்ட தட்டும் ஒன்று வேண்டும்.

விடுகிற திரவம் 37 டிகிரியில் இருக்கட்டும். சூடு குறைந்தாலே துடிப்பு மந்தமாகி, குத்திலிருந்து மேடு வரையான நேரமும் நீளும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்து விட்டால் பச்சைத் தண்ணீர்கூட க்யூ.டி. மருந்தாகத் தெரியும்.

செல்கள் பதில் சொல்கிற நிலையில் இருக்கின்றனவா என்று தெரிய, டோஃபெட்டிலைடு ஒரு தட்டில், நிஃபெடிபின் ஒரு தட்டில். முன்னது நேரத்தை நீட்ட வேண்டும், பின்னது குறைக்க வேண்டும். இரண்டும் நடக்காத செல் கூட்டத்தில் மருதத்தைச் சோதிப்பது வீண் வேலை.


பொதிகையடி பதில்:

தாயி, நாலு தலைமுறையாக வைத்தியம் பார்க்கிற வீடு எங்களுடையது. படிக்கிறேன் என்று சொல்லுகிறாய், சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன். தட்டுக்குக் குடல் உண்டா, ஈரல் உண்டா? நாங்கள் மருதம்பட்டையைப் பாலில் சேர்த்துக் காய்ச்சித்தான் கொடுப்போம். வெறும் தண்ணீரில் காய்ச்சினால் நெஞ்சு வறளும், மலம் கட்டும். அந்தப் பாலை இந்த எந்திரத்தில் எங்கே ஊற்றப் போகிறார்கள்? அனுபானம், அதாவது மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிற துணைப்பொருள், தெரியாமல் மருந்தை மட்டும் சோதித்துவிட்டு, பிறகு மருந்தைக் குறை சொல்லக் கூடாது.


சேரன்மாதேவிக்காரன் பதில்:

வைத்தியர் ஐயா சொன்னதில் பாதியை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். ஈரல் இல்லாததுதான் இந்தத் தட்டின் பெரிய ஓட்டை. டெர்ஃபெனடினை வெறும் இதயச் செல்லில் விட்டால் அது ஹெர்க்கை அடைப்பது தெரியும், ஆனால் "ஈரல் ஒழுங்காக இருந்தால் இது இதயத்துக்கே வராது" என்பது தெரியாது. நம் ஆட்கள் பி.பி. மாத்திரையும் போட்டுக்கொண்டு மருதமும் குடிக்கிறார்கள். அங்கே ஈரலில் ஒன்றையொன்று இடித்தால், தட்டு வாயே திறக்காது.

பாலை நேராக ஊற்ற முடியாது ஐயா, செல் தாங்காது. ஆனால் நீங்கள் சொன்ன பக்குவத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. பாலின் கேசீன் என்கிற புரதம் டானினைப் பிடித்துக்கொள்ளும். நெஞ்சு வறட்சி குறைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். தங்கச்சி, டானின் நீக்கிய சாற்றுக்கு வேறு ரசாயனத்தைத் தேடி அலைய வேண்டாம். பாலில் காய்ச்சி, திரித்து, திப்பியை நீக்கிவிட்டு, மேலே நிற்கிற தெளிவை எடுங்கள். மருதம் போடாமல் அதே மாதிரி திரித்த பால்தெளிவு ஒன்றையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். பாலிலும் பொட்டாசியம், கால்சியம் உண்டு, உப்புக் கணக்கை மறக்கக் கூடாது. குணபாடத்தில் இப்படி ஒரு அத்தியாயம் வந்தால் நான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.


குணபாடம்_பாளை பதில்:

அண்ணாச்சி, வைத்தியர் ஐயா, தூத்துக்குடி அண்ணன், எல்லாருக்கும் நன்றி. பால்தெளிவு யோசனையைக் கைடிடம் சொன்னேன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டே கேள்வி. இயற்பியல் படிக்கிற என் தோழி, கருவியை இங்கேயே சின்னதாகச் செய்யலாம் என்கிறாள், கோழிக்கரு செல் வைத்து. நடக்குமா? எலியில் சோதிக்காமல் இதை மட்டும் வைத்தால் ஏற்றுக்கொள்வார்களா?


சேரன்மாதேவிக்காரன் பதில்:

செய்யலாம், படிப்புக்கு நல்லது. ஆய்வேட்டுக்கு அதை நம்ப வேண்டாம். கடை முட்டை கருவுறாதது, சேவலோடு திரிகிற நாட்டுக்கோழி முட்டையோ பொரிப்பகத்து முட்டையோ வேண்டும். கோழிக்கருவுக்கு இரண்டாம் நாளே இதயம் துடிக்க ஆரம்பித்துவிடும், செல் எடுக்க ஒரு வாரமாவது அடைகாக்க வேண்டும். நெறிமுறைக் குழுவிடம் முதலிலேயே எழுதிக் கேளுங்கள்.

கருவியில் உங்கள் தோழி படப்போகிற பெரிய பாடு 50 ஹெர்ட்ஸ். நம் கரண்டின் இரைச்சல் மைக்ரோவோல்ட் சிக்னலை விழுங்கிவிடும். ஃபிரிட்ஜ் கம்ப்ரெசர் எடுக்கிற நேரம், பக்கத்தில் மோட்டார் ஓடுகிற நேரம், எல்லாம் கோட்டில் தெரியும். இரைச்சலைத் தடுக்க ஃபாரடே கூண்டு என்கிற உலோகக் கூண்டு கட்டுவதற்கு முன்னால் கட்டடத்தின் எர்த் குழியைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் குழி காய்ந்து கிடக்கும், உப்பும் கரியும் போட்டு யாரும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். எந்தச் சாப்ட்வேர் வடிகட்டியும் அந்த ஒரு வாளித் தண்ணீருக்கு ஈடாகாது.

ஆய்வேட்டுக்கு, கருவியும் மனிதச் செல்லும் ஏற்கெனவே வைத்திருக்கிற ஆய்வகத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள். பொடியைக் குளிர்பெட்டியில் வைத்து அனுப்பினால் போதும்.

ஏற்பதைப் பொறுத்தவரை, புது மருந்துகளுக்கான விதிகளை 2023 மார்ச்சில் திருத்தி, செல் அடிப்படையிலான சோதனைகளுக்கும் இந்தியாவில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் 2022 டிசம்பரில் சட்டம் மாறியது. சித்த மருந்துக்கு உரிமம் கொடுக்கிற வழி தனி, அதை உங்கள் கைடு என்னைவிட நன்றாக அறிவார். பட்ட ஆய்வுக்கு இது போதும் என்று அவர் ஒப்புக்கொண்டால் எலியை விட்டுவிடலாம்.

அப்புறம், பட்டையை ஒரே தடவையில், ஒரே மரத்தில், மொத்த ஆய்வுக்கும் வேண்டிய அளவு எடுத்து நிழலில் உலர்த்தி வையுங்கள். மரத்தைச் சுற்றி வளையமாக உரிக்காதீர்கள், ஒரு பக்கம் மட்டும் சீவுங்கள். அனுப்புகிற குப்பிகளில் பெயர் எழுதாமல் எண் மட்டும் போடுங்கள். சாறு எது, உப்புத் தண்ணீர் எது, பால்தெளிவு எது என்கிற பட்டியல் உங்கள் கைடின் மேஜையில் பூட்டியிருக்கட்டும். கோட்டை அளக்கிறவருக்கு அது தெரியவே கூடாது.